ஐ.ஆர்.பி. அப்ரூவல் வந்துட்டா எதிக்ஸ் முடிஞ்சுதா? ஊழியர்கள்ட்ட பேட்டி எடுக்கப் போறவங்களுக்கு

வாசகர் கேள்வி, 2 மார்ச்

சிங்கப்பூர்ல மானிடவியல் மாஸ்டர்ஸ் பண்றேன். ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் கூடுற நம்மூர் கட்டுமான ஊழியர்கள்ட்ட பேட்டி எடுக்கணும். யுனிவர்சிட்டியோட ஆய்வு நெறிமுறைக் குழு, அதான் ஐ.ஆர்.பி., அப்ரூவல் கொடுத்துருச்சு. சம்மத ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி, எழுதும்போது பேரை மாத்திட்டா எதிக்ஸ் முடிஞ்சுதுன்னு சீனியர் சொல்றாரு. உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் நமக்கு வராது, வேற சட்டம் எதுவும் கிடையாது, கவலைப்படாதேங்கிறாரு. சரிதானா?

2 மார்ச், இரவு 10.40

பாதி சரி. 2015-ல வந்த மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் ரத்தம், திசு, நோய், மருந்து சம்பந்தப்பட்டது, சும்மா உக்காந்து பேசுற பேட்டிக்கு வராது. அதுக்காக வேற சட்டமே இல்லைன்னு சொல்றது ரொம்பப் பெரிய தாவல். 2012 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அதான் பி.டி.பி.ஏ. குற்றவியல் நடைமுறைச் சட்டம் இருக்கு. ரெண்டும் உங்க ரெக்கார்டர் மேலயே வந்து உக்காரும்.

நான் ஆய்வாளர் இல்ல. ஆய்வாளர்களுக்காகத் தமிழ்ல பேட்டி எடுக்கிறது, ரெக்கார்டிங்கைக் கேட்டு டைப் பண்றது, மொழிபெயர்க்கிறது இதான் ரொம்ப வருஷமா என் வேலை. ஃபார்ம் ஒரு மனுஷன் கைக்குப் போறப்ப என்ன நடக்குதுன்னு பக்கத்துல இருந்து பாத்துட்டு வர்றேன். இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு: உங்களால காப்பாத்த முடியாத வாக்கை அவங்களுக்குக் கொடுத்துடாதீங்க. மிச்சம் நாளைக்கு.

3 மார்ச், மதியம்

கையெழுத்து விஷயத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்தரையில உக்காந்து ஒரு தம்பிகிட்ட ஃபார்மைப் படிச்சுக் காட்டினேன். நாலு பக்கம், தமிழ்ல, ஆனா இங்கிலீஷை அப்படியே கவுத்து வச்ச தமிழ், "தரவுகள் பெயரற்ற முறையில் பேணப்படும்" மாதிரி. படிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுமையா கேட்டாரு. பேனாவை வாங்கினாரு, மூடியைத் திறந்தாரு, மறுபடி மூடிட்டாரு. "அக்கா, நான் இங்க வந்ததுலேர்ந்து படிக்காம கையெழுத்துப் போட்ட பேப்பரெல்லாம் எனக்கு எதிராத்தான் வந்துருக்கு"ன்னாரு. சம்பளம் ஒண்ணு சொல்லி இன்னொண்ணு எழுதின பேப்பர், ஓவர்டைம் வாங்கிட்டேன்னு ஒத்துக்கிட்ட பேப்பர், அப்படி. அப்புறம் நான் எதிர்பாக்காத ஒரு கேள்வி கேட்டாரு. ஃபார்மோட ஒரு காப்பியை அவர்ட்ட கொடுக்கணும்னு விதி இருக்குல்ல, அந்தக் காப்பியை எங்க வைக்கிறதுன்னு கேட்டாரு. டார்ம்ல, அதான் ஊழியர் விடுதியில, ஒரு ரூம்ல பன்னெண்டு பேர், லாக்கர் சின்னது, சூப்பர்வைசரோட சொந்தக்காரன் மேல் கட்டில்ல படுத்திருக்கான். "சம்பளப் பிரச்சினை பத்திய ஆய்வு"ன்னு தலைப்புப் போட்ட பேப்பர் அந்த லாக்கர்ல கெடந்தா யாருக்கு ஆபத்து?

அவரைப் பாதுகாக்கத்தான் அந்த ஃபார்ம்னு நாம சொல்லிக்கிறோம். அங்க உக்காந்து பாத்தா, அவரோட பேரும் ஆய்வோட தலைப்பும் சேந்து இருக்கிற ஒரே ஆதாரமே அந்தப் பேப்பர்தான்.

3 மார்ச், மதியம், கொஞ்ச நேரம் கழிச்சு

இதுக்கு வழி இருக்கு. வாய்மொழிச் சம்மதம். மனுஷங்களை வச்சுச் செய்ற ஆய்வுக்கு அமெரிக்கா போட்ட காமன் ரூல் விதியிலயே, கையெழுத்துதான் அந்த ஆளை ஆய்வோட இணைக்கிற ஒரே பதிவு, ரகசியம் வெளிய போறதுதான் முக்கியமான ஆபத்துன்னா கையெழுத்து இல்லாமலே போகலாம்னு எழுதியிருக்கு. உங்க ஐ.ஆர்.பி.ட்ட காரணத்தை எழுதி இதைக் கேளுங்க. கையெழுத்துதான் கட்டாயம்னு நினைச்சுக்கிட்டு நிறைய மாணவர்கள் கேக்குறதே இல்ல.

4 மார்ச், காலை 7.15, ரயில்ல

ராத்திரி ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தாங்க, "அப்ப கையெழுத்தே வேணாங்கிறீங்களா, நாளைக்குப் பிரச்சினை வந்தா ஆய்வாளருக்கு என்ன பாதுகாப்பு"ன்னு. எல்லா இடத்துலயும் வேணாம்னு சொல்லல. ஊர்ச் சங்கத் தலைவர்ட்ட சங்கத்தோட வரலாறு கேக்கப் போறீங்கன்னா கையெழுத்து வாங்குங்க, அவரும் அதை எதிர்பார்ப்பாரு, வாங்கலன்னா மதிக்கலைன்னு நினைப்பாரு. தேசிய ஆவணக் காப்பகத்தோட வாய்மொழி வரலாற்று நிலையம் 1979-லேர்ந்து இப்படித்தான் செய்யுது. பேசினவர் எந்த நிபந்தனையில கொடுத்தாரோ அதை எழுதி வாங்கிக்குவாங்க, சில பதிவுகளை அனுமதி இல்லாம கேக்க முடியாது. அங்க பேசுறவர் தன் பேரோட நிக்க விரும்புறாரு. வேலை பெர்மிட்டுல இருக்கிறவர் நிலைமை அப்படி இல்ல. முதலாளி பெர்மிட்டை ரத்து பண்ணிட்டா அவரு ஊருக்கு ஃப்ளைட் ஏறணும், ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கின கடனும் கூடவே ஊருக்கு வரும். ரெண்டு பேருக்கும் ஒரே ஃபார்ம் எப்படிப் பொருந்தும்?

4 மார்ச், இரவு

இப்ப "வாக்கு" பத்தி. இதான் எனக்கு முக்கியம், கொஞ்சம் நீளமா போகும்.

ஃபார்ம்ல வழக்கமா ஒரு வரி இருக்கும், "நீங்க சொல்ற எதுவும் வெளிய போகாது". இந்த வரியை என் வாயால எத்தனையோ பேர்ட்ட சொல்லச் சொல்லியிருக்காங்க. இப்பல்லாம் நான் சொல்ல மாட்டேங்கிறேன், ஏன்னா அது உண்மை இல்ல.

சிங்கப்பூர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 424-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. கொலை, கொள்ளை மாதிரி அதுல பட்டியல் போட்டிருக்கிற குற்றங்கள் நடந்துச்சுன்னோ நடக்கப் போகுதுன்னோ தெரிஞ்சவங்க, தகுந்த காரணம் இல்லைன்னா, உடனே போலீஸ்ல சொல்லியாகணும். "தெரிஞ்சவங்க"ன்னா எல்லாரும். ஆய்வாளர், மொழிபெயர்ப்பாளர், டைப் பண்றவ எல்லாரும். வக்கீல்ட்ட கட்சிக்காரர் பேசுறதுக்கு சாட்சியச் சட்டத்துல பாதுகாப்பு உண்டு. மானிடவியல் ஆய்வாளர்ட்ட பேசுறதுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. கோர்ட் கேட்டா ரெக்கார்டிங்கைக் கொடுக்கணும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல. பெல்ஃபாஸ்ட்ல நடந்ததைப் பாருங்க. 2001-லேர்ந்து 2006 வரைக்கும் வட அயர்லாந்து ஆயுதக் குழுக்கள்ல இருந்தவங்களை அமெரிக்காவோட பாஸ்டன் காலேஜுக்காகப் பேட்டி எடுத்தாங்க. நீங்க சாகுற வரைக்கும் இது வெளிய வராதுன்னு அவங்களுக்கு வாக்கு. திட்டத்தை நடத்தினவரோட ஒப்பந்தத்துல "அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு"ன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு, பேட்டி கொடுத்தவங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல அந்த வார்த்தை இல்ல. 2011-ல பிரிட்டிஷ் போலீஸுக்காக சம்மன் போச்சு, கோர்ட் உத்தரவுல சில பேட்டிகள் கைமாறுச்சு, 2014-ல ஐரிஷ் அரசியல் தலைவர் கெர்ரி ஆடம்ஸைக் கைது பண்ணி விசாரிச்சப்ப அந்த டேப்பெல்லாம் பேசப்பட்டுச்சு. பேசினவங்கள்ல சிலர் அப்ப உயிரோட இருந்தாங்க, அவங்க ஊர்ல காட்டிக்கொடுத்தவன்னு பேர் வாங்கினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. 1993-ல அமெரிக்காவுல ரிக் ஸ்கார்ஸ்னு ஒரு சமூகவியல் மாணவர், தன்கிட்ட நம்பிப் பேசினவங்களைப் பத்தி குற்ற விசாரணை நடத்துற கிராண்ட் ஜூரி முன்னாடி சொல்ல முடியாதுன்னு மறுத்து 159 நாள் ஜெயில்ல இருந்தாரு. அவரை நான் மதிக்கிறேன். ஆனா ஒரு மாஸ்டர்ஸ் மாணவர்ட்ட "நீயும் போய் இரு"ன்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்குப் பதிலா முன்னாடியே உண்மையைச் சொல்லிடலாம்.

4 மார்ச், 11.50

அந்த உண்மையை எப்படிச் சொல்றதுன்னு கேட்டாங்க. நான் சொல்றது இப்படித்தான்: "அண்ணே, உங்க சம்பளம், ஏஜெண்ட் காசு, டார்ம் சாப்பாடு, முதலாளி திட்டுறது, இதெல்லாம் தாராளமா பேசுங்க, நாங்க எழுதுறதுல உங்க பேரு வராது. ஆனா யாரையாவது வெட்டினது, கொள்ளையடிச்சது, அந்த மாதிரி பெரிய குத்தம் எதையும் எங்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா நான் போலீஸ்ல சொல்ல வேண்டி வரும், மறைக்க எனக்குச் சட்டத்துல இடம் இல்ல." பயந்து எந்திரிச்சுப் போயிடுவாங்கன்னு ஒரு ஆய்வாளர் என்கிட்ட சண்டை போட்டாரு. யாரும் போகல. சிரிச்சுட்டு, "அப்படி எதுவும் இல்லக்கா, மேஸ்திரி பத்தி மட்டும்தான் இருக்கு"ன்னு உக்காந்து இன்னும் நல்லாத்தான் பேசுனாங்க.

6 மார்ச்

பேரை மாத்துறது பத்தி. பி.டி.பி.ஏ.ல தனிநபர் தகவல்னா பேரு மட்டும் இல்ல. அந்தத் தகவலை வச்சோ, கைவசம் இருக்கிற வேற தகவலோட சேத்தோ ஆளைக் கண்டுபிடிக்க முடிஞ்சா அது தனிநபர் தகவல்தான். போன வருஷம் டைப் பண்ணின ஒரு பேட்டியில பேரை "முருகன்"னு மாத்தியிருந்தாங்க, ஊரு அப்படியே இருந்துச்சு, என்ன மெஷின் ஓட்டுறாருன்னு இருந்துச்சு, எந்தக் கையில அடிபட்டுச்சுன்னு இருந்துச்சு, தங்கச்சி கல்யாணம் எந்த மாசம்னு இருந்துச்சு. அந்த டார்ம்ல இருக்கிற யாருக்கும் ரெண்டாவது வரியிலயே ஆள் தெரிஞ்சுடும். வெளிநாட்டுல படிக்கிற பேராசிரியருக்கு மட்டும்தான் அது முருகன். ஊரை மாவட்டமாக்குங்க, மெஷினை "கனரக வாகனம்"ஆக்குங்க, காயத்தை மாத்தவே மாத்தாதீங்க, அது ஆளைக் காட்டிக் கொடுக்கும்னா எடுத்துடுங்க, பொய்க் காயம் எழுதினா ஆய்வே பொய்யாப் போயிடும்.

அயர்லாந்துல ஒரு கிராமத்தைப் பத்தி நான்சி ஷெப்பர்-ஹியூஸ் 1979-ல புத்தகம் போட்டாங்க, ஊருக்குக் கற்பனைப் பேருதான் வச்சாங்க. பத்திரிகைக்காரங்க ஊரைக் கண்டுபிடிச்சுட்டாங்க, அதை விட முக்கியம், ஊர்க்காரங்க ஒவ்வொருத்தரும் தன்னைக் கண்டுபிடிச்சுட்டாங்க. இருபது வருஷம் கழிச்சு திரும்பிப் போனப்ப ஊரை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க.

6 மார்ச், மாலை

சின்ன விஷயம், ஆனா யாரும் கவனிக்கிறதில்ல. ஆடியோவைச் சென்னையில ஒரு டைப்பிங் ஆளுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறீங்கள்ல, அது சிங்கப்பூருக்கு வெளிய தகவல் அனுப்புறது. பி.டி.பி.ஏ.ல அதுக்குத் தனி விதி இருக்கு, இங்க இருக்கிற அளவுக்குப் பாதுகாப்பு அங்கயும் இருக்கணும். குரலே ஆளைக் காட்டிக் கொடுக்கும். ஃபோன்ல இருக்கிற ஏ.ஐ. ஆப்ல போட்டு எழுத்தாக்குறதும் அதே கணக்குதான், அது எந்த நாட்டு சர்வர்ல போய் உக்காருதுன்னு பாத்துக்கோங்க. வேலை முடிஞ்சதும் அழிங்க, தேவை முடிஞ்ச தகவலை வச்சுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு.

8 மார்ச்

ஞாயித்துக்கிழமை தேக்காவுல இருந்தேன், அதனால இந்த நினைப்பு. நோட்டும் கையுமா உக்காந்தா முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "நீங்க எம்.ஓ.எம்.லேர்ந்து வர்றீங்களா?" எம்.ஓ.எம்.னா மனிதவள அமைச்சு. 2013 டிசம்பர் 8 இங்க நடந்த கலவரத்துக்கு அப்புறம் கொஞ்ச நாள் இந்தக் கேள்வி ரொம்பக் கூர்மையா வந்துச்சு. அவங்க சந்தேகப்படுறதுல நியாயம் இருக்கு. மானிடவியலோட சரித்திரமே அந்தச் சந்தேகத்தைச் சம்பாதிச்சு வச்சிருக்கு.

1919-ல அமெரிக்க மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாரு, முதல் உலகப் போர்ல நாலு மானிடவியலாளர்கள் ஆய்வுங்கிற போர்வையில உளவு பாத்தாங்கன்னு. அமெரிக்க மானிடவியல் சங்கம் உளவு பாத்தவங்களை விட்டுட்டு போவாஸைத்தான் கண்டிச்சு தீர்மானம் போட்டுச்சு, 20 ஓட்டுக்கு 10. அதை ரத்து பண்ண 2005 வரைக்கும் ஆச்சு. நடுவுல 1960கள்ல கேமலாட்னு அமெரிக்க ராணுவத்தோட ஆய்வுத் திட்டம், தாய்லாந்துல கிளர்ச்சி ஒடுக்குறதுக்கு ஆய்வாளர்களைப் பயன்படுத்துன விவகாரம், அதுக்கப்புறம்தான் 1971-ல சங்கத்தோட முதல் முழுமையான நெறிமுறை வந்துச்சு. 2007-ல மறுபடி ஆப்கானிஸ்தான்லயும் ஈராக்லயும் அமெரிக்கப் பட்டாளத்தோட மானிடவியலாளர்களை அனுப்புனாங்க, அப்ப சங்கம் எதிர்த்துச்சு.

நம்ம பக்கம் வாங்க. மெட்ராஸ் மியூசியத்துல கண்காணிப்பாளரா இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கையும் மண்டையையும் கருவி வச்சு அளந்து 1909-ல ஏழு தொகுதி போட்டாரு, ரங்காச்சாரி கூட இருந்து செஞ்சாரு. வயநாட்டுப் பணியர் பொண்ணுங்க தங்களைப் பஞ்சடைச்சு மியூசியத்துல வச்சுடுவாங்களோன்னு பயந்தாங்கன்னு அவரே எழுதியிருக்காரு. அவருக்கு அது வேடிக்கையா இருந்துருக்கு. அந்தப் பொண்ணுங்க இடத்துலேர்ந்து பாருங்க, ராஜாங்கத்து ஆளு ஒருத்தர் வந்து தலையைப் பிடிச்சு அளக்குறாரு, எதுக்குன்னு சொல்லல. அவங்க பயந்ததுல எந்தத் தப்பும் இல்ல. இன்னைக்கும் அந்த ஏழு தொகுதியை எடுத்து சாதிச் சண்டைக்கு மேற்கோள் காட்டுறாங்க.

9 மார்ச், காலை

யாரோ டி.என்.ஏ. பத்திக் கேட்டுருந்தாங்க, "ஊழியர்கள்ட்ட எச்சில் சாம்பிள் எடுத்து பூர்வீகம் பாக்கலாமா"ன்னு. அப்ப நீங்க 2015 சட்டத்துக்குள்ள வரலாம், முதல்ல ஐ.ஆர்.பி.ட்ட கேளுங்க. அதுல இன்னொண்ணு, 21 ஆகாத, கல்யாணம் ஆகாதவர் மைனர். பத்தொம்பது வயசுல கடன் வாங்கி இங்க வந்து சாரத்துல ஏறி வேலை செய்றவரு ஆய்வுக்கு மைனர், யோசிச்சுப் பாருங்க.

ஹவாசுபாய் கேஸ் தெரிஞ்சிருக்கும். அமெரிக்கப் பழங்குடி, கிராண்ட் கேன்யன்ல வாழ்றவங்க. 1990-லேர்ந்து சர்க்கரை நோய்க்குன்னு சொல்லி அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி ரத்தம் எடுத்துச்சு. அதே ரத்தத்துல மனநோய், நெருங்கின உறவுல கல்யாணம், அவங்க எங்கேர்ந்து வந்தாங்க இதெல்லாம் ஆராய்ச்சி பண்ணிட்டாங்க. கடைசி விஷயம்தான் ரொம்ப வலிச்சுது, இந்தப் பள்ளத்தாக்குதான் எங்க பிறப்பிடம்னு நம்புற ஜனத்துட்ட நீங்க ஆசியாவுலேர்ந்து வந்தவங்கன்னு அவங்க ரத்தத்தை வச்சே சொன்னது. 2010-ல 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்ச ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தாங்க. ஃபார்ம்ல கையெழுத்து இருந்துச்சுங்க. 

11 மார்ச்

கோயில் திருவிழா பொது இடம்தானே, அங்க ஃபோட்டோ எடுக்க அனுமதி வேணுமான்னு கேள்வி. பி.டி.பி.ஏ. பொது இடத்துல சாதாரணமா பாக்க முடியுற தகவலுக்குச் சம்மதம் கேக்கல. சட்டம் கையைக் கட்டிப்போடாத இடம் இது. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் இருக்காரு, சாமி வந்து ஆடுறவரு, வார நாள்ல ஆபீஸ் வேலை. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. நாக்குல வேல் குத்தி, கண்ணு மேல சொருகி நிக்கிற அவர் முகத்தை ஆய்வுக் கட்டுரையோட முதல் பக்கத்துல போட்டா? சாமி வந்திருக்கிறப்ப அவர்ட்ட எப்படிக் கேப்பீங்க? முதல் நாளே வீட்டுல போய்க் கேளுங்க, மறுநாள் படத்தைக் காட்டி மறுபடி கேளுங்க. அவரு நான் எடுத்துட்டுப் போன படங்கள்ல மூணை ஓரமா தள்ளி வச்சாரு, ஒண்ணைக் கேட்டு வாங்கிப் பூஜை ரூம்ல மாட்டிட்டாரு.

11 மார்ச், இரவு

மலேசியாவோட ஜோகூர்ல இருக்கிற பூர்வகுடி ஓராங் செலெத்தார் கிராமங்களுக்குப் போகணும்னு எழுதினவருக்கு: காஸ்வே தாண்டி டூரிஸ்ட்டா போய் பேட்டி எடுத்துட்டு வர்ற வேலை வேணாம். நாம அங்க வெளிநாட்டு ஆய்வாளர், மலேசிய அரசாங்கத்துட்ட ஆய்வு அனுமதி வாங்கணும், ஓராங் அஸ்லி, அதான் பூர்வகுடி மக்கள் விஷயம்னா அவங்களுக்கான அரசாங்கத் துறை ஜகோவாவோட அனுமதியும் வேணும். அது கெடைச்சாலும் பாத்தீன்னு சொல்ற கிராமத்துத் தலைவர்ட்ட தனியா கேக்கணும், அரசாங்கம் சரின்னா ஊரும் சரின்னு அர்த்தம் இல்ல.

தென்னாப்பிரிக்காவுல சான் மக்கள் 2017-ல தங்களுக்குன்னு சொந்தமா ஒரு ஆய்வு நெறிமுறை எழுதிட்டாங்க. மரியாதை, நேர்மை, நீதி, அக்கறைன்னு. எங்க வாழ்க்கையைப் பத்தி எழுதுறதுன்னா முதல்ல எங்கள்ட்ட வாங்கன்னு சொல்லிட்டாங்க. டார்ம்ல இருக்கிறவங்க அந்த மாதிரி ஒண்ணு எழுதினா என்னவெல்லாம் இருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

14 மார்ச்

முதல்ல கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்காரு, ஐ.ஆர்.பி.ட்ட வாய்மொழிச் சம்மதம் கேட்டு திருத்தம் போட்டுட்டாராம், "எழுதினதைப் பேசினவங்கள்ட்ட திருப்பிப் படிச்சுக் காட்டணுமா, நேரம் எடுக்குமே"ன்னு கேக்குறாரு.

எடுக்கும். காட்டுங்க. நான் கூட இருந்த ஒரு ஆய்வுல, ஆய்வு பண்ணின அம்மா எழுதினதைத் தமிழ்ல மாத்தி ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டினோம். கம்பெனி பத்தி, அடி விழுந்தது பத்தி, சம்பளம் பிடிச்சது பத்தி இருக்கிற பக்கம் வந்தப்ப நாங்க ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுட்டு இருந்தோம், எடுக்கச் சொல்வாருன்னு. "இருக்கட்டும், எழுதுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும்"னாரு. அவரு எடுக்கச் சொன்னது வேற ஒரு வரி. மச்சான்ட்ட கடன் வாங்கித்தான் வந்தேன்னு ஒரு இடத்துல சொல்லியிருந்தாரு. "அது மட்டும் வேணாம்மா, ஊர்ல யாராவது படிச்சா என் பொண்டாட்டிக்கு அசிங்கம்." அவ்வளவு பெரிய ஐ.ஆர்.பி. விண்ணப்பத்துல, "ஆபத்துகள்"ங்கிற கட்டத்துல அந்த மச்சான் எங்கயும் இல்ல.

ஒரு வேலை மட்டும் இப்பவே பண்ணிடுங்க. தீசிஸ் எந்தத் தேதி சமர்ப்பிக்கப் போறீங்களோ அதைப் பேட்டி எடுக்கிறப்பவே சொல்லிடுங்க, "இந்தத் தேதி வரைக்கும் எதை எடுக்கச் சொன்னாலும் எடுத்துடுவேன், அதுக்கப்புறம் என்னால முடியாது"ன்னு. எப்ப வேணா விலகிக்கலாம்னு ஃபார்ம்ல இருக்கிற வரியை அடிச்சுட்டு அந்தத் தேதியைப் போடுங்க. உங்க நம்பர் ஒண்ணு கொடுங்க, வாட்ஸ்அப் இருக்கிற நம்பரா, ஊருக்குப் போனப்புறமும் அவங்களால கூப்பிட முடியுற மாதிரி.